காலையில் சுடாமல் மதியம் மட்டும் சுடும் இன்ஸ்டன்ட் ஹீட்டர்: பழுது எங்கே இருக்கிறது?

பாலக்கோட்டு வாசி (கேள்வி):

வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டை அடுத்த கிராமம் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. மாடியில் புதிதாகக் குளியலறை கட்டியபோது, சுவரில் இடம் போதாது என்பதால் தொட்டி வைத்த கீசரைத் தவிர்த்து, தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் 4.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டரைப் பொருத்தினோம். கோடையிலும் ஆடி, ஆவணியிலும் எந்தக் குறையும் தெரியவில்லை. கார்த்திகை பிறந்து பனி இறங்கத் தொடங்கியதிலிருந்துதான் தொல்லை.

காலை ஆறு மணிக்குக் குழாயை முழுதாகத் திறந்தால் குளிர் விட்டுப்போன தண்ணீர் வருகிறது, அவ்வளவுதான்; அதை வெந்நீர் என்று சொல்ல முடியாது. சூடு வேண்டும் என்று குழாயைச் சிறிது சிறிதாக மூடினால் ஓரிடத்தில் நன்றாகச் சுடுகிறது. ஆனால் அந்த இடத்தில் நிலைக்காமல், 'டக்' என்ற ஒலியுடன் ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்து, சற்று நேரத்தில் பச்சைத் தண்ணீர் தலையில் கொட்டுகிறது. மிக்சர் குழாயில் பச்சைத் தண்ணீரைக் கலந்தாலும் இதே கதைதான். மதியம் இரண்டு மணிக்கு அதே குழாயை அதே அளவு திறந்தால் போதும் போதும் என்கிற சூடு. சில நாட்களில், வீட்டில் ஒருவர் பின் ஒருவராகக் குளிக்கும்போது ஹீட்டர் முற்றிலும் நின்றுபோய், கால் மணி நேரம் கழித்துத் தானாகவே மீண்டும் வேலை செய்கிறது.

பார்க்க வந்த மெக்கானிக், ஹீட்டிங் எலிமென்டும் உள்ளே இருக்கும் போர்டும் போய்விட்டன, இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார். அவர் கேட்கும் தொகை புது ஹீட்டர் விலையில் பாதிக்கு மேல் வருகிறது. ஊர் ஒயர்மேன், வோல்டேஜ் குறைவு, ஸ்டெபிலைசர் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வேறு பேஸுக்கு மாற்றச் சொல்கிறார் (எங்களுக்கு மும்முனை இணைப்பு இருக்கிறது). தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருவது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் வகை. இதில் எதை நம்பி முதலில் கையைவிட்டுப் பணம் போடுவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓசூர் மின்பராமரிப்பு:

நண்பருக்கு வணக்கம். ஓசூர் சிப்காட்டில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எலிமென்ட் போயிருந்தால் மதியமும் சுடாது. ஒற்றை எலிமென்ட் உள்ள கருவியில் அது அறுந்தால் அறுந்ததுதான். காலைக்கு ஒரு குணம், மதியத்துக்கு ஒரு குணம் என்று அது நடந்துகொள்வதில்லை. இரட்டை எலிமென்ட் கருவியாக இருந்து ஒன்று மட்டும் போயிருக்க வாய்ப்பு உண்டு என்றாலும், அதைக் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியரை அளக்கும் கருவி) ஒரு நிமிடத்தில் காட்டிக்கொடுத்துவிடும்: 4.5 கிலோவாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 19.5 ஆம்பியர் இழுக்க வேண்டும். அதில் பாதிதான் இழுக்கிறது என்றால் ஓர் எலிமென்ட் வேலை செய்யவில்லை என்று பொருள். அந்த அளவை எடுக்காமலேயே எலிமென்டையும் போர்டையும் சேர்த்து மாற்றச் சொல்பவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இந்த வகை ஹீட்டரை வாங்கும் முன் யாரும் நமக்குச் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த 4.19 கிலோஜூல் வெப்பம் வேண்டும். இதை நடைமுறைக்கு மாற்றினால், ஒரு கிலோவாட் மின்திறன், நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீரை 14.3 டிகிரி உயர்த்தும். உங்கள் 4.5 கிலோவாட்டுக்கு இந்த எண் 64 ஆகிறது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ அதால் 64-ஐ வகுத்தால் எத்தனை டிகிரி ஏறும் என்பது கிடைத்துவிடும். நம் பக்கம் மார்கழிக் காலையில் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் 19 டிகிரிக்கு இறங்குவது இயல்பு. குளிக்க 40 டிகிரி வேண்டுமானால் 21 டிகிரி ஏற்ற வேண்டும். அப்போது இந்தக் கருவி முழு வோல்டேஜிலும் நிமிடத்துக்கு 3 லிட்டர்தான் தர முடியும். மதியத்தில் அதே கறுப்புத் தொட்டி வெயிலில் காய்ந்து 32 டிகிரியில் தண்ணீர் அனுப்புகிறது. 8 டிகிரி ஏற்றினால் போதும், 8 லிட்டர் ஓடினாலும் சுடும். உங்கள் காலை-மதிய வேறுபாட்டின் பெரும்பகுதி இங்கேயே தீர்ந்துவிடுகிறது. கருவியை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மீதியை வோல்டேஜ் செய்கிறது. எலிமென்ட்டின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்துக் குறையும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் வோல்டேஜ் 13 விழுக்காடுதான் குறைந்திருக்கிறது என்று தோன்றும். ஆனால் வெப்பம் 24 விழுக்காடு குறைந்துவிடும், உங்கள் 4.5 கிலோவாட் கருவி 3.4 கிலோவாட் கருவியாகிவிடும். சுற்றிலும் உள்ள தோட்டங்களில் காலை நேரத்தில் மோட்டார்கள் ஓடினால் இது சாதாரணமாக நடப்பதுதான். 3.4 கிலோவாட்டில் 21 டிகிரி ஏற்ற வேண்டுமானால் ஓட்டம் நிமிடத்துக்கு 2.3 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. இங்கேதான் சிக்கல். இவ்வகைக் கருவிகளில் தண்ணீர் ஓட்டம் குறைந்தால் எலிமென்ட் வெந்துபோகாமல் இருக்க ஒரு ஃப்ளோ சுவிட்ச் வைத்திருப்பார்கள். பெரும்பாலும் 2 லிட்டர் அளவுக்குக் கீழே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மேலே 2.3, கீழே 2. இந்த இடுக்குக்குள் குழாயை நிறுத்தத்தான் நீங்கள் தினமும் போராடிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த 'டக்' என்ற ஒலி பழுதின் ஒலி அல்ல, பாதுகாப்புச் சுவிட்ச் தன் வேலையைச் செய்யும் ஒலி.

ஸ்டெபிலைசர் யோசனை எனக்கு உடன்பாடில்லை. இந்த மின்சுமைக்கு ஏறத்தாழ 6 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர் வேண்டும்; விலை ஹீட்டரைவிட அதிகமாகும். அதோடு, குறைந்த வோல்டேஜை உயர்த்தித் தருவதற்காக அது லைனிலிருந்து இன்னும் கூடுதலான ஆம்பியரை இழுக்கும்; வயரிங் நலிந்த வீட்டில் அது வேறு வம்பைக் கொண்டுவரும்.

ஆகவே செலவு செய்யும் முன் சில அளவுகளை எடுங்கள். வாளியும் கைபேசிக் கடிகாரமும் வைத்துத் தண்ணீர் ஓட்டத்தை அளந்துகொள்ளலாம். தொட்டித் தண்ணீரின் வெப்பமும் ஹீட்டரிலிருந்து வெளிவரும் தண்ணீரின் வெப்பமும் தேவை. வோல்டேஜைக் காலை நேரத்திலேயே மூன்று முறை பார்க்க வேண்டும்: மெயின் போர்டில் ஹீட்டர் அணைந்திருக்கும்போது, அதே இடத்தில் ஹீட்டர் ஓடும்போது, பிறகு ஹீட்டரின் டெர்மினலில் அது ஓடும்போது. கடைசி அளவை உரிமம் பெற்ற ஒயர்மேன் எடுக்கட்டும். ஈரமான குளியலறையில் மூடியைக் கழற்றி மின்சாரத்தோடு அளப்பது நீங்கள் செய்யும் வேலை அல்ல. ஹீட்டர் ஓடும்போது மற்ற இரண்டு பேஸ்களின் வோல்டேஜையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த பேஸ் இறங்கும்போது மற்றவை கணிசமாக ஏறினால், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் இணைப்பு தளர்ந்திருக்கிறது. அந்த நிலையில் பேஸ் மாற்றி விளையாடினால் டிவியும் ஃபிரிட்ஜும் போய்விடும். முதலில் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தில் புகார் பதிந்து நியூட்ரலைச் சரிசெய்ய வேண்டும்.

காவேரிப்பட்டணம் பிளம்பர்:

மேலே ஐயா சொன்ன கணக்கு சரியானது. நான் தண்ணீர்ப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம் என்பது எங்கள் கணக்கு. மாடிக் குளியலறைக்கும் மொட்டை மாடித் தொட்டிக்கும் இடையே இரண்டரை, மூன்று மீட்டர்தான் இருக்கும். கால் பார் அழுத்தத்தில்தான் அந்த ஃப்ளோ சுவிட்ச் உங்களிடம் வேலை செய்கிறது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் வழியில் எது அடைத்தாலும் உடனே தெரியும். ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் விரல்நுனி அளவில் ஒரு வலை இருக்கும். எம்.சி.பி.யை (மின்சுமை மீறினால் தானாக விழும் போர்டு சுவிட்ச்) அணைத்து, ஹீட்டருக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் காக் வால்வை மூடிவிட்டு, இணைப்புக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். நம் ஊர்ச் செம்மண் அதில் களிம்பு பூசியதுபோல அப்பியிருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். ஆங்கிள் காக் முழுதாகத் திறந்திருக்கிறதா, இணைப்புக் குழாய் மடங்கியிருக்கிறதா, ஷவர் தலையின் துளைகளில் உப்பு அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மிக்சரில் பச்சைத் தண்ணீரைக் கலக்கும்போது ஏன் நின்றுவிடுகிறது என்று கேட்டிருந்தீர்கள். பச்சைத் தண்ணீர்க் குழாயில் தடை எதுவும் இல்லை. ஹீட்டர் வழியே வரும் தண்ணீர் வலை, சுவிட்ச், குறுகிய அறை எல்லாம் தாண்டி வர வேண்டும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் தண்ணீர் எளிய வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். ஹீட்டருக்குள் ஓட்டம் விழுந்து சுவிட்ச் அணைந்துவிடும். இன்ஸ்டன்ட் ஹீட்டரில் சூட்டைக் கலந்து குறைக்கக் கூடாது. வெந்நீர்ப் பக்கத்தை மட்டும் திறந்து, ஓட்டத்தைக் கூட்டித்தான் குறைக்க வேண்டும்.

கால் மணி நேரம் நின்று திரும்ப ஓடுவது தெர்மல் கட்-அவுட்டின் வேலை. எலிமென்ட் மேல் சுண்ணாம்புபோல உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் அறைக்குள்ளேயே தேங்கும். சூடு எல்லை மீறியதும் கட்-அவுட் விழும், ஆறியதும் திரும்பச் சேரும். இதற்கு எலுமிச்சை உப்பு போதுமானது. மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் ஆசிட் தூளை லிட்டருக்கு 50 கிராம் வீதம் கரைத்து, மின்சாரத்தைத் துண்டித்த நிலையில் ஹீட்டர் அறைக்குள் புனல் வைத்து மெதுவாக நிரப்பி, முக்கால் மணி நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி விடுங்கள். நுரை பொங்கினால் படிவு கரைகிறது என்று அர்த்தம். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை மட்டும் அதில் காட்டாதீர்கள். செம்பையும் எவர்சில்வரையும் அது தின்றுவிடும், ஓட்டை விழுந்த எலிமென்டைத்தான் பிறகு வெளியே எடுப்பீர்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வலையைக் கழுவிய பிறகோ, தொட்டி காலியாகி மறுபடி நிரம்பிய பிறகோ, அறைக்குள் காற்று நிற்கும். குழாயைத் திறந்து, காற்று புடைத்து வருவது நின்று தண்ணீர் ஒரே சீராக ஓடும் வரை விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் எம்.சி.பி.யைப் போட வேண்டும். நான் கழற்றிப் போட்ட எலிமென்ட்களில் பெரும்பாலானவை தண்ணீரில்லாமல் எரிந்தவைதான்.

கிருஷ்ணகிரி நகரவாசி:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? அந்த ஹீட்டரைக் கழற்றிவிட்டு 15 லிட்டர் கீசரை மாட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம், தொல்லையே இல்லை.

ஓசூர் மின்பராமரிப்பு:

நகரவாசி சொல்வதைத் தள்ளிவிட முடியாது. புதிதாக வாங்குபவர் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். 2 கிலோவாட் எலிமென்ட் உள்ள 15 லிட்டர் கீசர், 19 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் எடுக்கும். வோல்டேஜ் 200 ஆக இருந்தாலும் அரை மணிக்குள் முடிந்துவிடும். அந்தத் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்தால் 40 டிகிரியில் ஏறத்தாழ 29 லிட்டர் கிடைக்கும், அதாவது ஒன்றரை வாளி. வோல்டேஜ் குறைந்தால் கீசரில் நேரம்தான் கூடும்; இன்ஸ்டன்ட் ஹீட்டரில் சூடே குறைந்துவிடும். ஆனால் நண்பரின் குளியலறையில் கீசருக்கு இடமில்லை, ஹீட்டரும் புதியது. அவர் வீட்டு வயரிங்கில் குறை இருந்தால், அது கீசரை மாட்டினாலும் அங்கேயேதான் இருக்கும். அளவுகள் வரட்டும்.

பாலக்கோட்டு வாசி:

அனைவருக்கும் நன்றி. ஒயர்மேனை வைத்துக் காலை ஆறரை மணிக்கு எடுத்த அளவுகளைத் தருகிறேன்.

வலையில் செம்மண் இருந்தது உண்மைதான். கழுவிய பிறகு குழாயை முழுதாகத் திறந்தால் 20 லிட்டர் வாளி நான்கு நிமிடத்தில் நிரம்புகிறது. தொட்டித் தண்ணீர் 19 டிகிரி, அந்த ஓட்டத்தில் வெளிவருவது 28 டிகிரி. குழாயை மூடிக்கொண்டே வந்தால், ஒரு லிட்டர் சொம்பு நிரம்ப அரை நிமிடம் ஆகும் இடத்தில் விளக்கு அணைகிறது. மெயின் போர்டில் ஹீட்டர் அணைந்திருக்கையில் 216 வோல்ட், ஓடுகையில் 209. ஹீட்டர் டெர்மினலில் ஓடுகையில் 194. கிளாம்ப் மீட்டர் 16.4 ஆம்பியர் காட்டியது. மற்ற பேஸ்களில் ஒன்று 228, இன்னொன்று 221. ஹீட்டரைப் போட்டபோது அவை ஒரு வோல்ட், இரண்டு வோல்ட்டுக்கு மேல் அசையவில்லை.

ஹீட்டரை 16 ஆம்பியர் பிளக்கில்தான் மாட்டியிருக்கிறார்கள். பேஸ் செலக்டரிலிருந்து (எந்த பேஸ் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்ச்) குளியலறைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஏறத்தாழ 20 மீட்டர் போகிறது. போர்டில் அதற்கு 32 ஆம்பியர் எம்.சி.பி., ஒற்றை முனை.

ஓசூர் மின்பராமரிப்பு:

அருமையாக அளந்திருக்கிறீர்கள். முதலில் எலிமென்ட்டைப் பற்றிய பேச்சை முடித்துவிடுவோம். 194-ஐ 16.4-ஆல் வகுத்தால் 11.8 ஓம் வருகிறது. 230 வோல்ட்டில் 4.5 கிலோவாட் தரும் எலிமென்ட்டுக்கு இருக்க வேண்டிய மின்தடை 11.76 ஓம். எலிமென்ட் புதிதுபோல இருக்கிறது. தற்போது அது தரும் திறன் 3.2 கிலோவாட்; அதை 14.3-ஆல் பெருக்கி 5 லிட்டரால் வகுத்தால் 9 டிகிரி. உங்கள் வெப்பமானி காட்டியதும் 19-க்கும் 28-க்கும் இடையிலான அதே 9 டிகிரி. ஹீட்டருக்குள் இருக்கும் போர்டும் ஒழுங்காகவே இருக்கிறது.

ஆனால் மெயின் போர்டுக்கும் ஹீட்டருக்கும் இடையே 15 வோல்ட் காணாமல் போகிறதே, அதைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயரின் மின்தடை ஒரு கிலோமீட்டருக்கு 7.41 ஓம். போக 20 மீட்டர், வர 20 மீட்டர் என 40 மீட்டருக்கு 0.3 ஓம் ஆகிறது; 16.4 ஆம்பியரில் அது ஏறத்தாழ 5 வோல்ட்டைத்தான் தின்ன வேண்டும். மீதி 10 வோல்ட் ஏதோ ஓரிரு இணைப்புகளில் போகிறது. 10 வோல்ட்டை 16.4 ஆம்பியரால் பெருக்கினால் 164 வாட். ஹீட்டர் ஓடும் நேரமெல்லாம் அவ்வளவு வெப்பம் ஒரு பிளக்கின் உள்ளேயோ, சுவருக்குள் டேப் சுற்றிய முறுக்கு இணைப்பிலோ உருவாகிக்கொண்டிருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது 16 ஆம்பியர் பிளக்கை, 19.5 ஆம்பியர் இழுக்கக்கூடிய கருவியை அதில் மாட்டவே கூடாது. அடுத்தது பேஸ் செலக்டர் சுவிட்சின் திருகு. மூன்றாவது, வழியில் உள்ள ஜங்ஷன் பாக்ஸ்.

இதைவிட மோசமானது அந்த 32 ஆம்பியர் எம்.சி.பி. எம்.சி.பி. காப்பது கருவியை அல்ல, ஒயரை. சுவருக்குள் பைப்பில் போகும் 2.5 சதுர மி.மீ. ஒயர் 32 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்காது. ஒயர் உருகிய பிறகும் இந்த எம்.சி.பி. விழாமல் நிற்கும். எனவே ஒயரிங் மாறும் வரை ஹீட்டரைப் போடாதீர்கள். விறகோ கேஸோ வைத்துச் சமாளியுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போர்டிலிருந்து ஹீட்டர் வரை இடையில் இணைப்பே இல்லாமல் 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், எர்த்தும் அதே தடிமனில், புதிதாக இழுக்க வேண்டும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் 25 ஆம்பியர் இரட்டை முனை எம்.சி.பி.யும், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் தேவை. குளியலறைக்கு வெளியே ஒரு 32 ஆம்பியர் இரட்டை முனை சுவிட்ச் வைத்து, பிளக் இல்லாமல் ஒயரை நேராக ஹீட்டர் டெர்மினலில் முடிக்க வேண்டும். எர்த் குழியையும் பாருங்கள். நம் பாறை நிலத்தில் கோடையில் எர்த் குழி காய்ந்து பெயருக்குத்தான் இருக்கும். இரட்டை முனை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எலிமென்ட் நியூட்ரல் பக்கத்தில் எர்த்தைத் தொட்டால், ஒற்றை முனை எம்.சி.பி.யை அணைத்த பிறகும் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும், எந்தக் கருவியால் விழுகிறது என்று வீடு முழுக்கத் தேட வேண்டியிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன பேஸ் மாற்றம் உங்கள் வீட்டில் பயன்படும். மற்ற பேஸ்கள் ஏறவில்லை என்பதால் நியூட்ரல் நன்றாக இருக்கிறது. புதிய ஒயரை 228 வோல்ட் உள்ள பேஸில் கொடுத்தால் ஹீட்டருக்கு 217 வோல்ட் அளவில் கிடைக்கும், திறன் 4 கிலோவாட்டை எட்டும். 40 டிகிரிக்கு நிமிடத்துக்கு 2.7 லிட்டர் கிடைக்கும். விளக்கு அணையும் இடம் 2 லிட்டர். இப்போது 2.2-க்கும் 2-க்கும் இடையே படும் பாடு இருக்காது. அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்: மார்கழியில் ஒரு வாளி நிரம்ப ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஷவர் பீய்ச்சி அடிக்க வேண்டுமானால் இந்தக் கருவியின் திறன் அதற்குப் போதாது.

அரூர் வேதியியல் ஆசிரியர்:

தண்ணீரைப் பற்றி இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். ஹீட்டரில் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடுபட்டதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கரையாத கார்பனேட்டாக மாறி, மிகவும் சூடான பரப்பிலேயே, அதாவது எலிமென்ட் மீதே ஒட்டிக்கொள்கிறது. எலுமிச்சை உப்பைக் கொதிக்கும் நீரில் கரைத்து ஊற்றினால் வேகமாகக் கரைக்கும் என்று சிலர் நினைப்பார்கள். மிகுந்த சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்னும் வேறொரு கரையாத வண்டல் உண்டாகிவிடும். வெதுவெதுப்பான நீரே சரி. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் விரும்புகிறது, வேறு நீர் ஆதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கிறது. உங்கள் கிணற்று நீரைச் சோதித்து, அது இரண்டாவது எண்ணை நெருங்கினால், பனிக்காலம் தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் படிவு நீக்குவது நல்லது.

மற்றொன்று, ஹீட்டர் தண்ணீர் சுடச்சுட வருகிறதே என்று சமையலுக்கு உலை வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் ஃப்ளூரைடு அனுமதிக்கப்பட்ட லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஹீட்டரில் கிணற்று நீர் ஓடினால் அது குளிக்க மட்டுமே.

எலிமென்ட் உறையில்லாத கம்பிச் சுருளாக இருக்கும் வகையும் உண்டு. அவற்றின் கையேட்டில் நீரின் மின்தடை எண்ணுக்கு ஒரு கீழ் வரம்பு குறித்திருப்பார்கள். உப்பு மிகுந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அந்த வகையில் ஆர்.சி.சி.பி. காரணமின்றி விழுவதுபோலத் தோன்றும். கேள்வி கேட்டவர் தம் கருவி எந்த வகை என்று பார்த்துவிட்டே ஆர்.சி.சி.பி. பொருத்துபவரிடம் பேச வேண்டும்.

பாலக்கோட்டு வாசி:

வேலை முடிந்தது. பிளக்கைக் கழற்றியபோது ஒரு துளையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறிக் குமிழ் விட்டிருந்தது. பிளக்கின் பித்தளை முள் நீலம் பாரித்துக் கிடந்தது. ஜங்ஷன் பாக்ஸில் நியூட்ரல் ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அந்த டேப் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஐயா சந்தேகப்பட்ட மூன்று இடங்களில் பேஸ் செலக்டர் மட்டும்தான் நன்றாக இருந்தது.

4 சதுர மி.மீ. ஒயர் இழுத்து, 25 ஆம்பியர் இரட்டை முனை எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. பொருத்தியாயிற்று, எங்களுடையது உறையிட்ட எலிமென்ட் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொண்டோம். எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிய பிறகு எர்த்தின் மின்தடை அளவு இறங்கியது. எலுமிச்சை உப்பு ஊற்றியபோது நுரை அடங்கவே நேரம் பிடித்தது, அலசும்போது முட்டை ஓடுபோன்ற வெள்ளைச் சில்லுகள் வந்தன. இப்போது காலை ஆறு மணிக்கு 39, 40 டிகிரியில் நிமிடத்துக்கு இரண்டே முக்கால் லிட்டர் அளவில் தடையின்றி வருகிறது. வீட்டில் அனைவரும் அடுத்தடுத்துக் குளித்தபோதும் கட்-அவுட் விழவில்லை. மெக்கானிக்குக்கு எலிமென்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. பழைய 2.5 ஒயர் பைப்புக்குள்ளேயே இருக்கிறது. அதை வாஷிங் மெஷினுக்குப் பயன்படுத்தலாமா?

ஓசூர் மின்பராமரிப்பு:

பயன்படுத்தலாம், ஆனால் அப்படியே வேண்டாம். சூடுபட்ட அந்த நியூட்ரல் முனையில், காப்புறை நிறம் மாறியிருக்கும் நீளம் வரை வெட்டி எறியுங்கள்; மீதி ஒயரை மெக்கர் (காப்புறையின் தரத்தை அளக்கும் கருவி) வைத்துச் சோதித்து, காப்பு நன்றாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய பிறகு நீளம் போதாவிட்டால் முறுக்கி நீட்ட வேண்டாம், புது ஒயர் இழுத்துவிடுங்கள். அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. போடுங்கள். கழற்றிய பழைய 32 ஆம்பியர் எம்.சி.பி.யை யாராவது அதே இடத்தில் திரும்ப மாட்டிவிடாதபடி ஒயர்மேனிடமே கொடுத்து அனுப்பிவிடுங்கள்.